ஊசி போடும் முன்: ஐ.சி.யூ.வுக்கு வரும் இளம் செவிலியர்களுக்கு

நர்சிங் முடித்து முதல் போஸ்டிங்குக்கு ஐ.சி.யூ.வில் வந்து நிற்கிற கண்ணு, உனக்குத்தான் எழுதுகிறேன். வென்டிலேட்டரைப் பார்த்தால் பயம் வரும், அது நல்லதுதான். ஆனால் புதுப்பிள்ளைகள் பயமே இல்லாமல் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. விரலில் குத்துவது, மீட்டரில் வந்த எண்ணைச் சார்ட்டில் எழுதுவது, அதற்கு நேராக எத்தனை யூனிட் இன்சுலின் போட்டிருக்கிறதோ அதை ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது. அந்த வேலையைத்தான் நீ பயந்து செய்ய வேண்டும்.

கோவையில் எந்த வார்டுக்குப் போனாலும் சர்க்கரைக்காரர் இருப்பார். எலும்பு முறிந்து வந்திருப்பார், பிரசவத்துக்கு வந்திருப்பார், நெஞ்சுவலி என்று வந்திருப்பார். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இவர்களில் சர்க்கரைக்கென்று அட்மிட் ஆகிறவர் குறைவு. வேறு ஒன்றுக்காக வந்து, இங்கே சர்க்கரையால் சிக்கலாகிறவரே அதிகம். அந்தச் சிக்கலை முதலில் பார்க்கிற கண் உன்னுடையது. டோஸ் மாற்றுவது டாக்டர் வேலை. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்வது உன் வேலை.

1. சர்க்கரை குறைந்திருக்கிறது என்றால் ஓடு. கூடியிருக்கிறது என்றால் நடந்து போ.

70க்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே போனால் ஆபத்து. முந்நூறு இருக்கிறவர் இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவார். முப்பது இருக்கிறவரின் மூளை தாங்காது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை விடிகாலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கை, ஒரு கால் அசையவில்லை, வாய் குழறுகிறது. பக்கவாதம் என்றே முடிவு கட்டி, ஸ்கேன் எங்கே எடுக்க வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரிலேயே விரலில் குத்தினோம். 32. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி போனது. கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, கையைத் தூக்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இது எந்த ஊருங்க?" என்றார். லோ சுகர் பக்கவாதம் மாதிரியே வேடம் போடும். அதனால் மயக்கம், குழறல், வலிப்பு, புதுக் குழப்பம் எது வந்தாலும் முதல் கருவி குளுக்கோமீட்டர்.

நினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிடத்தில் மறுபடி பார். நினைவில்லாதவருக்கு வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே, நுரையீரலுக்குப் போய்விடும். நரம்பு வழிதான். ஏற்றும்போது வென்ஃப்ளான் வெளியே கசிகிறதா என்று பார்த்துக்கொள், டெக்ஸ்ட்ரோஸ் தோலைப் புண்ணாக்கும்.

அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். விடவில்லை. அவர் சாப்பிட்டது கிளிமிபிரைடு மாத்திரை, கிரியாட்டினின் கூடியிருந்தது. கிட்னி வேலை செய்யாதவருக்கு அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் இறங்காது. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி விழும். ஒரு நாளாவது படுக்க வைத்து, மணிக்கணக்காகப் பார்க்க வேண்டும். மதியம் அவருக்கு மறுபடி 58 வந்தது.

2. ஐ.சி.யூ.வில் 140 முதல் 180 வரை. அதைவிட இறக்க ஆசைப்படாதே.

"வீட்டுல 110தானுங்க இருந்துச்சு, உங்ககிட்ட வந்து 170 ஆயிருச்சே" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்.

2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில், பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த நோயாளிகள் படுத்திருந்த ஐ.சி.யூ.வில் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை 80க்கும் 110க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தார்கள். இறப்பு குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. பிறகு 2009இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நைஸ்-சுகர் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. இறுக்கிப் பிடித்த அணியில் 90 நாளுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 180க்குள் இருந்தால் போதும் என்று விட்ட அணியில் 24.9 சதவீதம். கடுமையான லோ சுகர் இந்த அணியில் 0.5 சதவீதம், இறுக்கிய அணியில் 6.8 சதவீதம். அதோடு இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் போனது.

ஆகவே இரண்டு முறை பார்த்தும் 180க்கு மேலேயே நின்றால் இன்சுலின் தொடங்குவோம், 140க்கும் 180க்கும் நடுவில் வைத்திருப்போம். உன் யூனிட்டின் புரோட்டோகாலில் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதைப் படித்துவிட்டு நில்.

சொந்தக்காரரிடம் இப்படிச் சொல்: "உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா சர்க்கரை தானா ஏறுமுங்க. உடம்பே அப்படிச் சுரக்குது. நாங்க மெதுவா இறக்கறோம். ஒரேயடியா இறக்கினா உசுருக்கு ஆகாதுங்க." அது முழு உண்மை. கார்ட்டிசோல், அட்ரினலின் எல்லாம் சேர்ந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன. சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஏறும். பழைய நோயா, இப்போது வந்ததா என்று தெரிய ஹெச்.பி.ஏ.1.சி. பார்ப்பார்கள், 6.5க்கு மேல் என்றால் பழையதுதான். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த முடிவை நம்ப முடியாது, அதனால் அந்த ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து வை.

3. மீட்டர் சொல்வதை நம்பு, ஆனால் ஆளைப் பார்த்துவிட்டு நம்பு.

சாத்துக்குடி உரித்த கையில் குத்தினால் 280 வரும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு குத்து. ஸ்பிரிட் தடவினால் அது உலரும்வரை பொறு. டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிற கையில் ரத்தம் எடுக்காதே. ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் ஏ.சி.க்கு நேரே வைக்காதே.

பி.பி. விழுந்து நார்அட்ரினலின் ஓடுகிறவருக்கு விரல் நுனியில் ரத்த ஓட்டமே இருக்காது. கை வீங்கியவருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஆர்ட்டீரியல் லைனில் எடு. ரத்த சோகை அதிகம் இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அப்போது 90 என்று காட்டுவது நிஜத்தில் 65 ஆக இருக்கலாம். எண்ணும் ஆளும் பொருந்தவில்லை என்றால் மறுபடி பார், லேபுக்குச் சாம்பல் மூடி டியூபில் அனுப்பு. ஆனால் ஆளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தால் லேப் முடிவு வரும்வரை காத்திருக்காதே.

4. நாற்பதா, நூறா? ஒவ்வொரு முறையும் பார்.

இந்த ஒன்றைத் தலையில் நன்றாக ஏற்றிக்கொள். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலில் வருகிறது. மில்லிக்கு 100 யூனிட் உள்ள வயலும் உண்டு. பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் எப்போதும் குறைந்தது 100. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100க்கு.

பேனா உடைந்துவிட்டது என்று ராத்திரியில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் என்ன ஆகும்? 10 கோடு என்பது கால் மில்லி. நூறு பவர் இன்சுலினில் கால் மில்லி 25 யூனிட். பத்து போட வேண்டிய இடத்தில் இருபத்தைந்து போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு நோயாளி நன்றாகத் தூங்குகிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். மாற்றிப் போட்டால், அதாவது நாற்பது பவரை ஆரஞ்சு மூடியில் 10 கோடு இழுத்தால், 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார். அடுத்த ஷிப்ட் சரியான சிரிஞ்சு எடுக்கும்போது நோயாளி விழுவார்.

சிரிஞ்சு பம்புக்கு 50 மில்லி நார்மல் சலைனில் 50 யூனிட் என்றால், நாற்பது பவரில் 1.25 மில்லி எடுக்க வேண்டும். நரம்பு வழியாகப் போக வேண்டியது தண்ணீர் போலத் தெளிந்த ரெகுலர் இன்சுலின். பால் போலக் கலங்கிய மிக்ஸ்டர்டை நரம்பில் ஏற்றவே கூடாது. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், எனவே கலக்கியதில் முதல் 20 மில்லியைக் குழாய் வழியே ஓடவிட்டு, பிறகு நோயாளிக்கு இணை. அந்த அளவுக்குக் கூடுதலாகக் கலந்து வைத்துக்கொள். லேபிளில் பெயர், அளவு, நேரம், கையெழுத்து. பக்கத்துக் கட்டில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டு. எவ்வளவு அனுபவம் வந்தாலும் காட்டு. "யூனிட்" என்று முழுதாக எழுது. ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யமாகத் தெரியும், 4 போட வேண்டியவருக்கு 40 போகும்.

5. "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கண்ணால் பார்.

கொங்குப் பக்கத்து மனிதர்கள் மரியாதைக்காரர்கள். "சாப்டனுங்க சிஸ்டர்" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றரை இட்லி அப்படியே இருக்கும். மகள் கேன்டீனில் வரிசையில் நிற்பார். நீ எட்டு மணிக்குப் போட்ட ஊசி எட்டரைக்கு வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், டிபன் ஒன்பதே காலுக்கு வரும். தட்டு கைக்கு வந்த பிறகு ஊசி. வாந்தி எடுப்பவர், பாதி சாப்பிட்டு வைப்பவர் என்றால் போடும் முன்பே டூட்டி டாக்டரிடம் சொல்.

வெளியிலிருந்து வருவதையும் கேள். பொள்ளாச்சி இளநீர் நோயாளியைப் பார்க்க வருகிற எல்லாருடைய கையிலும் இருக்கும். அதில் சர்க்கரையும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. கிட்னி பழுதானவருக்கு அது ஆபத்து. பழனிப் பஞ்சாமிர்தத்தை வேண்டுதலோடு கொண்டுவந்து நெற்றியில் விபூதி பூசி, வாயில் ஒரு ஸ்பூன் வைப்பார்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்ட காபியைக் கொடுத்துவிட்டு, "வெள்ளைச் சர்க்கரை இல்லீங்களே" என்பார்கள். ரத்தத்தில் ஏறுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. திட்டாதே. திட்டினால் அடுத்த முறை ஒளித்துக் கொடுப்பார்கள், உனக்கு 320 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போகும். "என்ன கொடுத்தீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லீருங்கம்மா" என்று கேள். சொல்வார்கள்.

6. உணவு நின்றால் இன்சுலினும் நிற்க வேண்டும், அல்லது டெக்ஸ்ட்ரோஸ் ஓட வேண்டும்.

ரைல்ஸ் டியூபில் பால் கஞ்சி போய்க்கொண்டிருக்கும். சி.டி. ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். ஃபீடை நிறுத்திவிட்டு நோயாளியை நகர்த்துவார்கள், சிரிஞ்சு பம்பு மட்டும் கூடவே ஓடிக்கொண்டு போகும். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். மயக்க மருந்தில் இருப்பவர் நடுங்கவும் மாட்டார், பசிக்கிறது என்று சொல்லவும் மாட்டார். கிளம்பும் முன் பம்பைப் பற்றிக் கேள், கையில் மீட்டரை எடுத்துக்கொள். இன்சுலின் ஓடுகிறவருக்கு மணிக்கொரு முறை பார்ப்பது ஸ்கேன் அறையிலும் உண்டு. டியூபை நோயாளி பிடுங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

7. ஏறிய பிறகு அடிக்கிற ஊசியை மட்டும் நம்பாதே.

இருநூறுக்கு நாலு, இருநூற்றைம்பதுக்கு ஆறு என்று ஒரு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது பழைய வழக்கம். நேற்றைய சர்க்கரைக்கு இன்று மருந்து போடுகிற வேலை அது. 2007இல் வந்த ராபிட்-2 ஆய்வில், சாதாரண வார்டு நோயாளிகளுக்கு ஒரு நீண்ட நேர இன்சுலினும் சாப்பாட்டுக்கு ஒரு ஊசியும் போட்டபோது 66 சதவீதம் பேர் இலக்குக்கு வந்தார்கள். அட்டவணை மட்டும் வைத்தவர்களில் 38 சதவீதம். தினமும் அட்டவணை ஊசியே போய்க்கொண்டிருந்தால் ரவுண்ட்ஸில் வாயைத் திறந்து கேள். டைப் 1 நோயாளி என்றால் ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டாலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. "என்.பி.ஓ.தானே" என்று நிறுத்தினால் கீட்டோ அசிடோசிஸில் போய் நிற்பார்.

8. கீட்டோ அசிடோசிஸ் வந்தவருக்கு முதலில் சலைன், பிறகு பொட்டாசியம் முடிவு, அதன் பிறகு இன்சுலின். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுக்கும். ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயம் நின்றுபோகும். சர்க்கரை 250க்கு இறங்கியதும் பம்பை நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதே. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து, அமிலம் தீரும்வரை இன்சுலின் ஓட வேண்டும். தோலடி இன்சுலின் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே பம்பை அணைக்க வேண்டும்.

9. ஸ்டீராய்டு எழுதிய சார்ட்டில் சர்க்கரைக் கட்டத்தையும் சேர்.

2021 மே மாதம் கோவை எப்படி இருந்தது என்று உனக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள். தினசரி கொரோனா எண்ணிக்கையில் சென்னையையே தாண்டிய நாட்கள் அவை. டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று 2020இல் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு காட்டியிருந்தது. ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். அது சரியான மருந்து. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் சாப்பிட்டார்கள், அளவுக்கு மேலும் நாளுக்கு மேலும் சாப்பிட்டார்கள். பலருக்கு வீட்டில் சர்க்கரை பார்க்க ஆளில்லை. அதன் பின்னே வந்தது கறுப்புப் பூஞ்சை. மூக்கடைப்பு, ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், மேலண்ணத்தில் கறுப்பு. மே 20ஆம் தேதி தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கண்ணை எடுத்தால்தான் உயிர் என்ற நிலையில் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் அந்தப் பூஞ்சை அதிகம் ஊன்றியது. பூஞ்சை காற்றில் எப்போதும் இருக்கிறது. மண்ணாக அமைந்தது நாம் அளக்காமல் விட்ட சர்க்கரை.

கொரோனா அலை போய்விட்டது, ஸ்டீராய்டு போகவில்லை. ஆஸ்துமாவுக்கு, மூட்டுக்கு, கிட்னிக்கு, கேன்சருக்குத் தினமும் எழுதுகிறார்கள். காலையில் பிரட்னிசோலோன் கொடுத்தால் சர்க்கரை ஏறுவது மதியமும் சாயங்காலமும். வெறும் வயிற்றில் 105 என்று பார்த்துத் திருப்திப்படாதே, மாலை நாலு மணிக்குப் பார். ஸ்டீராய்டைக் குறைக்கிற நாளில் இன்சுலினையும் குறைத்தார்களா என்று கேள். அதை மறந்துதான் பலர் லோ சுகரில் விழுகிறார்கள்.

10. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்.

மஞ்சப்பையில் எல்லாம் இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பட்டை, தனியார் கிளினிக் பட்டை, நாட்டு மருந்துப் பொடி. கிருமித் தாக்குதலிலும் கிட்னி கோளாறிலும் மெட்ஃபார்மின் நிறுத்தப்பட்டதா என்று பார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இருந்தால் சத்தமாகச் சொல். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே அவை நிற்க வேண்டும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 170 இருக்கும்போதே கீட்டோ அசிடோசிஸ் வரலாம். வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு என்றால் எண் நன்றாக இருக்கிறதே என்று விடாமல் கீட்டோன் பார்க்கச் சொல்.

11. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவசரப்படாதே.

ஐ.சி.யூ.வில் ஓடிய அளவு வீட்டுக்கு ஆகாது. காய்ச்சல் இறங்கி, புண் ஆறி, ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலின் தேவையும் குறையும். தோட்டத்துக்குத் திரும்பி மண்வெட்டி பிடிக்கிறவருக்கு இன்னும் குறையும். முதல்முறை ஊசி போடப்போகிறவர் என்றால், அவரோ மகளோ உன் கண் முன்னால் ஒரு முறை போட்டுக் காட்டட்டும். எந்த வயல், எந்த மூடி சிரிஞ்சு என்று அவர்களே எடுத்துக் காட்டட்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வேர்வை, படபடப்பு, கண் இருட்டு வந்தால் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும் என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, சமைக்கிறவரிடமும் சொல்.

மருந்தின் பெயர், பவர் 40ஆ 100ஆ, எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன், அடுத்து எந்தத் தேதியில் ரத்தம் பார்க்க வர வேண்டும் என்ற ஐந்தும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில், அவர் படிக்கிற அளவு எழுத்தில் இல்லை என்றால், அந்தச் சீட்டில் உன் கையெழுத்தைப் போடாதே கண்ணு.